வீட்டுப் புகை டிடெக்டரும் அதற்குள் இருக்கும் அமெரிசியமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன இடவப்பாதி மழை நேரம். களியக்காவிளைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா, துவர்த்தில் சுற்றிய ஒரு பொருளை உடம்பில் படாமல் கையை நீட்டிப் பிடித்தபடி மார்த்தாண்டத்தில் இருக்கும் என் கடைக்கு வந்தார். "மக்களே, இதுல அணு இருக்காம். பேரன் போன்ல பாத்துச் சொன்னான். மூணு நாளா தொழுவத்துல வெச்சிருந்தேன். பசு பாலு கொடுக்காமப் போயிருமோன்னு பயமாருக்கு" என்றார். பிரித்துப் பார்த்தேன். அமெரிக்காவில் நர்ஸாக இருக்கும் அவர் மகள் பல வருஷத்துக்கு முன் கொண்டு வந்து கொடுத்த புகை டிடெக்டர். பின்பக்கம் ஒட்டியிருந்த சீட்டில் மூன்று இதழ் விசிறி போன்ற கதிரியக்கச் சின்னமும் அமெரிசியம்-241 என்ற பெயரும் இருந்தன.

பேரன் சொன்னது பொய்யில்லை. ஆனால் அவர் பயந்தது தேவைக்கு மேல். வளைகுடாவில் 11 வருஷம் ஃபயர் அலாரம் மாட்டும் வேலை பார்த்தவன் நான். ஊருக்கு வந்த பிறகு இதே கேள்விகளை ரப்பர் தோட்டக்காரர், டியூஷன் சார், பள்ளிப் பிள்ளைகள், லாட்ஜ் முதலாளி எல்லாரும் கேட்டுவிட்டார்கள். அவர்களுக்குச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

எல்லா புகை டிடெக்டரிலும் கதிரியக்கப் பொருள் இருக்கிறதா?

இல்லை. வீடுகளில் மாட்டுவது பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று அயனி வகை. அமெரிசியம் இருப்பது இதில்தான். மற்றது ஒளி வகை. இதில் ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கும் ஒளியை உணரும் ஒரு கண்ணும் ஒன்றையொன்று நேராகப் பார்க்காதபடி வைக்கப்பட்டிருக்கும். புகை உள்ளே வந்தால் வெளிச்சம் சிதறிக் கண்ணில் விழும், அலாரம் அடிக்கும். கதவிடுக்கில் வரும் வெயிலில் தூசி மினுங்குவதைப் பார்த்திருப்பீர்கள், அதே விஷயம்தான். இதில் கதிரியக்கம் துளியும் கிடையாது.

இப்போது நம் ஊர்க் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் ஒளி வகை. அயனி வகை நம்மிடம் வருவது பழைய கட்டடங்களிலிருந்தும், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் கொண்டு வரும் பெட்டிகளிலிருந்தும்தான்.

என் வீட்டில் இருப்பது எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கூரையிலிருந்து திருகி இறக்கி, பின்பக்கச் சீட்டைப் படியுங்கள். அமெரிசியம் என்ற பெயரோ, மைக்ரோகியூரி அல்லது கிலோபெக்கரெல் என்ற கதிரியக்க அளவோ, மூன்று இதழ்ச் சின்னமோ இருந்தால் அயனி வகை. மூடியைக் கழற்றிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. கழற்றவும் கூடாது. சீட்டு கிழிந்தோ மங்கியோ போயிருந்தால் அயனி வகை என்றே வைத்துக்கொண்டு நடப்பது நல்லது.

அமெரிசியம் என்றால் என்ன? செயற்கைத் தனிமம் என்கிறார்களே?

தனிம வரிசையில் 95ஆம் எண். இரும்பு, செம்பு போலப் பூமியிலிருந்து தோண்டி எடுக்கிற பொருள் இல்லை. 1944இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் உலோகவியல் ஆய்வுக்கூடத்தில் கிளென் சீபோர்க், ரால்ஃப் ஜேம்ஸ், லியோன் மார்கன், ஆல்பர்ட் கியோர்சோ ஆகிய நான்கு பேரும் சேர்ந்து உண்டாக்கினார்கள். உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம் என்பதால் ரகசியமாக வைத்திருந்தார்கள்.

அந்த ரகசியம் வெளியே வந்த கதை எனக்குப் பிடித்தமானது. 1945 நவம்பர் 11 அன்று ஒரு அமெரிக்க வானொலியின் குழந்தைகள் வினாடி வினா நிகழ்ச்சிக்கு சீபோர்க் விருந்தினராகப் போயிருந்தார். புதிதாகத் தனிமம் ஏதாவது கண்டுபிடித்தீர்களா என்று ஒரு பையன் கேட்டான். ஆமாம், 95ஆம் 96ஆம் தனிமங்கள் என்று சொல்லிவிட்டார். விஞ்ஞானிகள் கூட்டத்தில் முறையாக அறிவிக்க இன்னும் சில நாள் இருந்தது. அதற்குள் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டது. கேள்வி கேட்கிற பிள்ளைகளை அடக்கக் கூடாது என்று நான் எங்கள் தெருப் பெற்றோரிடம் சொல்லும்போது இதைத்தான் சொல்வேன்.

இன்று இது அணு உலையில் உருவாகிறது. யுரேனியம் எரிபொருள் உலையில் கிடக்கும்போது நியூட்ரான்களை விழுங்கி விழுங்கிப் புளூட்டோனியமாகிறது. அதில் புளூட்டோனியம்-241 என்ற வகை தானாகவே மெல்லச் சிதைந்து அமெரிசியம்-241 ஆகிறது. அந்தச் சிதைவின் அரை ஆயுள், அதாவது இருப்பதில் பாதி சிதைந்து தீர ஆகும் காலம், 14 ஆண்டுக்குச் சற்று மேல். அதனால் பழைய புளூட்டோனியத்தில் அமெரிசியம் சேர்ந்துகொண்டே போகும். அதைப் பிரித்தெடுத்து, ஆக்சைடாக்கி விற்கிறார்கள். அமெரிக்க அணுசக்தி ஆணையம் முதலில் விற்பனைக்கு விட்டது 1962இல். கிராம் 1,500 டாலர்.

மணவாளக்குறிச்சி மணலில் இருந்து எடுப்பதும் இதுவும் ஒன்றா?

நம் பக்கத்தில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. ஒன்று இல்லை.

மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலும், வடக்கே கொல்லத்துக்கு அப்பால் சவறா, கருநாகப்பள்ளி வரையிலும் இருப்பது மோனசைட் என்ற கனிமம் கலந்த மணல். அதில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் இருக்கிறது. தோரியம் இயற்கையானது, பூமி உண்டானபோதே கூட வந்தது. இங்கே அதை வெளியுலகம் கண்டுகொண்ட விதமும் கேட்க வேண்டியது. அன்றைய திருவிதாங்கூரிலிருந்து ஜெர்மனிக்குப் போன கயிற்று நாரில் மணல் ஒட்டியிருந்தது. அந்த மணலில் மோனசைட் மினுங்குவதை 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் கண்டார். நம் பெண்கள் அடித்துத் திரித்த நாரில் ஒட்டிப் போன மண்தான் கப்பல்களையும் கம்பெனிகளையும் இங்கே வரவழைத்தது. 1950இல் இந்திய அரசின் அரிய மணல் நிறுவனம் தொடங்கப்பட்டது. மணவாளக்குறிச்சி ஆலை இன்று அதன் கீழ் இருக்கிறது.

அந்தக் காலத்தில் தோரியம் எதற்கு? பெட்ரோமாக்ஸ் மாதிரியான விளக்குகளின் மேண்டிலுக்கு. கோயில் கொடைக்கும் கல்யாண வீட்டுக்கும் பெட்ரோமாக்ஸ் ஏற்றியவர்களுக்குத் தெரியும்: பட்டுத்துணி போன்ற பையைக் கட்டி ஒருமுறை எரித்தால், தொட்டால் உதிர்கிற வெள்ளைச் சாம்பல் கூடாகிவிடும். அப்புறம் அதுதான் பளீரென்று எரியும். அந்தச் சாம்பல் தோரியம் ஆக்சைடு. கதிரியக்கப் பொருளை வீட்டுச் சாமானாக்கியது அமெரிக்கக் கம்பெனிகள் மட்டும் இல்லை, நம் தாத்தாக்கள் அதன் வெளிச்சத்தில்தான் பந்தி பரிமாறினார்கள்.

அந்தத் துளி எப்படிப் புகையைக் கண்டுபிடிக்கிறது?

கருவிக்குள் துளைகள் உள்ள ஒரு சின்ன உலோக டப்பா இருக்கும். அதற்குள் சில மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு பொட்டு. அமெரிசியம் ஆக்சைடைத் தங்கத்தோடு சேர்த்துத் தகடாக அடித்து, பின்னால் வெள்ளி வைத்து, முன்னால் தங்கமோ பல்லேடியமோ மெல்லிய படலமாக மூடியிருப்பார்கள். நெற்றிப் பொட்டில் பாதி இருக்காது. அதிலிருந்து வினாடிக்குச் சுமார் 37,000 அணுக்கள் சிதைகின்றன. ஒவ்வொன்றும் ஆல்ஃபா என்ற மிகச் சின்னத் துகள் ஒன்றை எறிகிறது. துகள் போகிற வழியில் காற்று மூலக்கூறுகளின் எலக்ட்ரான்களைத் தட்டிவிட்டு அந்த மூலக்கூறுகளை மின்னேற்றம் உள்ள அயனிகளாக்குகிறது. டப்பாவுக்குள் இரண்டு மின்தகடுகள். அவற்றுக்கு இடையே இந்த அயனிகள் ஓடுவதால், அளக்கவே சிரமப்படும் அளவுக்குச் சிறிய ஒரு மின்னோட்டம் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும்.

புகை நுழைந்தால் என்ன ஆகும்? புகைத்துகள் அயனியைவிட மிகப் பெரியது. அயனிகள் அதில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது வேகமாக நகராது, ஓட்டம் தளரும். திருவிழாக் கூட்டத்தில் கைவீசி நடந்தவன் தலையில் மூட்டை ஏற்றினால் எப்படியோ அப்படி. மின்னோட்டம் குறைந்ததைச் சில்லு கவனித்ததும் அலாரம் அடிக்கிறது. மூன்று மீட்டர் தள்ளி நின்று கேட்டாலும் 85 டெசிபல் இருக்கும். செத்தவனும் எழுந்துவிடுவான் என்று எங்கள் முகாமில் சொல்வோம்.

நல்ல கருவிகளில் புகை எளிதில் புகாத இரண்டாவது அறை ஒன்றும் உண்டு. மழை ஈரமோ காற்றழுத்தமோ மாறினால் இரண்டு அறைகளிலும் ஒன்றாகத்தான் மாறும். ஒன்றில் மட்டும் மாறினால்தான் புகை. நம் ஊர் மாதிரி வருஷத்தில் இரண்டு மழைக்காலம் பெய்கிற இடத்தில் இந்த இரண்டாவது அறை இல்லாமல் சமாளிக்க முடியாது.

இதன் பிறப்பு ஒரு தோல்வியில் தொடங்கியது. 1930களில் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த வால்ட்டர் யேகர் என்ற இயற்பியலாளர் நச்சு வாயுவைக் கண்டறியும் கருவி செய்ய முயன்றார். வாயுவை விட்டுப் பார்த்தார், அளவுமானி அசையவே இல்லை. அலுத்துப்போய் ஒரு சிகரெட் பற்றவைத்தார். முள் இறங்கிவிட்டது. அதே நாட்டின் எர்ன்ஸ்ட் மைலி பிறகு அந்தச் சின்ன மின்னோட்டத்தைப் பெருக்கி அலாரத்தை இயக்கும் வழியைக் கண்டுபிடித்தார்.

வேறு பொருளே கிடைக்கவில்லையா?

முதலில் ரேடியம் வைத்தார்கள். ரேடியத்திலிருந்தும் அதன் வழித்தோன்றல்களிலிருந்தும் ஊடுருவும் காமா கதிர் நிறைய வரும், ரேடான் வாயுவும் கசியும். அமெரிசியம்-241 தருவது பெரும்பாலும் ஆல்ஃபா. காற்றில் நாலு சென்டிமீட்டர் போனால் அதன் சக்தி தீர்ந்துவிடும், ஒரு தாள் போதும் தடுக்க. கூடவே கொஞ்சம் வலுக்குறைந்த காமாவும் வரும். அரை ஆயுள் 432 ஆண்டு என்பதால் கருவியின் ஆயுள் முழுக்க ஒரே சீராக வேலை செய்யும். இந்த வேலைக்கு இவ்வளவு பொருத்தமான பொருள் இயற்கையில் அமையவில்லை, செய்துதான் எடுக்க வேண்டியிருந்தது.

அதன் கீழே பிள்ளை தூங்கினால் புற்றுநோய் வருமா?

வராது என்று தைரியமாகச் சொல்வேன். காரணத்தையும் சொல்கிறேன்.

ஒரு வீட்டுக் கருவியில் இருப்பது ஒரு மைக்ரோகியூரியை ஒட்டிய அளவு. எடையில் ஒரு கிராமின் 10 லட்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு சர்க்கரைப் பரலின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. ஒரு கிராமை வைத்து 30 லட்சத்துக்கு மேல் கருவி செய்யலாம். அது வீசும் ஆல்ஃபா டப்பாவைத் தாண்டாது. வெளியே வரும் காமா மிகச் சொற்பம். அறையில் வசிக்கும் ஒருவருக்கு ஆண்டு முழுக்கச் சேருவது ஒரு மைக்ரோசீவர்ட்டுக்கும் (உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) குறைவு. வானத்திலிருந்தும் மண்ணிலிருந்தும் சாப்பாட்டிலிருந்தும் ஒரு சராசரி மனிதருக்கு உலகத்தில் ஆண்டுக்குக் கிடைப்பது சுமார் 2,400 மைக்ரோசீவர்ட்.

நாம் தின்னும் ஏத்தம்பழத்திலும் பொட்டாசியம்-40 என்ற கதிரியக்கப் பொருள் உண்டு. சாதாரண வாழைப்பழம் ஒன்றில் வினாடிக்குச் சுமார் 15 சிதைவுகள். மனித உடம்புக்குள்ளேயே இந்தப் பொட்டாசியத்தால் வினாடிக்கு 4,000 சிதைவுகள் நடந்துகொண்டிருக்கின்றன.

நம் கடற்கரையின் சங்கதி இதைவிடப் பெரிது. கருநாகப்பள்ளியில் சில வீடுகளைச் சுற்றியுள்ள இயற்கைக் கதிர்வீச்சு உலக சராசரியைப் போலப் பல மடங்கு. திருவனந்தபுரம் வட்டாரப் புற்றுநோய் மையத்தைச் சேர்ந்தவர்கள் அங்கே கிட்டத்தட்ட 70,000 பேரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து ஆய்வு செய்தார்கள். அந்தக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகக் காணவில்லை என்று 2009இல் வெளியிட்டார்கள். இதை எல்லாக் கதிரியக்கமும் நிரபராதி என்பதற்கு ஆதாரமாக யாரும் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். வெளியிலிருந்து மெல்லப் படுகிற கதிர் வேறு, உடம்புக்குள் போய்த் தங்கும் துகள் வேறு. அடுத்த கேள்விக்கு அந்த வித்தியாசம்தான் பதில்.

கீழே விழுந்து உடைந்துவிட்டால்? குழந்தை விழுங்கிவிட்டால்?

இங்கேதான் கவனம் தேவை. தோலைத் தாண்டாத ஆல்ஃபா, நுரையீரலுக்குள் துகளாகப் போய் உட்கார்ந்துவிட்டால் பக்கத்துச் செல்களைத் தொடர்ந்து தாக்கும். இரத்தத்தில் கலந்த அமெரிசியம் எலும்பிலும் கல்லீரலிலும் போய்த் தங்கும். ஆகவே அந்தப் பொட்டைச் சுரண்டுவதோ, சூடாக்குவதோ, சுத்தியலால் அடிப்பதோ, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதோ கூடவே கூடாது.

பிளாஸ்டிக் உடைந்திருக்கிறது, உள்டப்பா முழுசாக இருக்கிறது என்றால் கவலைப்பட ஒன்றும் இல்லை. டப்பாவே நசுங்கித் திறந்துவிட்டதா? பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள், ஃபேனை நிறுத்துங்கள். கையுறை போட்டு, ஈரமான தாளால் துண்டுகளை எடுத்து, இரண்டு பிளாஸ்டிக் பைகளில் ஒன்றுக்குள் ஒன்றாகக் கட்டுங்கள். தரையை ஈரத்தாளால் துடைத்து அதையும் பையில் போடுங்கள். துடைப்பத்தால் பெருக்க வேண்டாம், வேக்குவம் வேண்டவே வேண்டாம். கடைசியில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

விழுங்கினால்: அந்த ஆக்சைடு தண்ணீரில் கரையாது. பெரும்பாலும் மலத்தோடு வெளியேறிவிடும், உடம்பில் ஒட்டுவது மிகக் குறைவு. அதற்காக வீட்டில் உட்கார்ந்து காத்திருக்காமல் கருவியின் சீட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சீட்டில் எழுதியிருப்பதைப் பார்த்தால் டாக்டருக்கு வேலை பாதி முடிந்த மாதிரி. ஒன்பது வோல்ட் பேட்டரியோ வட்டப் பேட்டரியோ பிள்ளை வாயில் போட்டால்தான் நான் அதிகம் பயப்படுவேன். வட்டப் பேட்டரி சில மணி நேரத்திலேயே தொண்டைக்குழாயைப் பொசுக்கிவிடும்.

வீடே தீப்பிடித்தால் அமெரிசியம் காற்றில் கலந்துவிடாதா?

ஆக்சைடு உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். வீட்டுத் தீயில் அந்தத் தகடு பெரும்பாலும் அப்படியே கிடக்கும். எரிகிற மெத்தையும் பிளாஸ்டிக்கும் விடுகிற கார்பன் மோனாக்சைடுதான் ஆளைக் கொல்லும். தீயில் சாகிறவர்களில் பலர் நெருப்பு உடம்பைத் தொடும் முன்பே, புகையில், தூக்கத்திலேயே போய்விடுகிறார்கள்.

கடுகு தாளித்தால் போதும், கத்த ஆரம்பிக்கிறது. கெட்டுப்போய்விட்டதா?

கெடவில்லை, மாட்டிய இடம்தான் தப்பு. காய்ந்த எண்ணெயிலிருந்து எழும் துகள்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியவை. அயனி வகை அவற்றை உடனே மோப்பம் பிடிக்கும். வற்றல் மிளகாய் வறுத்தால் சொல்லவே வேண்டாம். அடுப்பிலிருந்து குறைந்தது மூன்று மீட்டராவது தள்ளி வையுங்கள். குளியலறை வாசலிலும், பூஜை அறையில் கற்பூரம் சாம்பிராணி போடும் இடத்துக்கு மேலேயும் வேண்டாம். ஃபேன் காற்று நேரடியாக அடிக்கும் இடமும் ஆகாது.

கத்துகிறதே என்று பேட்டரியைக் கழற்றி அலமாரியில் வைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். வளைகுடாவில் நாங்கள் தங்கியிருந்த முகாமில் ஒரு அறைக்காரர்கள் மீன் வறுக்கும் தொல்லைக்காக டிடெக்டரில் பிளாஸ்டிக் பை கட்டிவிட்டார்கள். ஒரு ராத்திரி சார்ஜரிலிருந்து மெத்தை பற்றியது. அந்த அறை டிடெக்டர் ஊமையாகவே இருந்தது. நடைக்கூடத்து டிடெக்டர் கத்தியதால்தான் எட்டுப் பேரும் உயிரோடு ஊர் திரும்பினோம். புகை கதவைத் தாண்டி நடைக்கூடத்துக்கு வர எடுத்துக்கொண்ட நேரம்தான் எங்களுக்குக் கிடைக்காமல் போன நேரம்.

சமையலறைக்கே ஒன்று வேண்டுமென்றால் வெப்ப டிடெக்டர் மாட்டுங்கள். அது புகையைப் பார்க்காது, சூட்டைத்தான் பார்க்கும்.

ரப்பர் புகைப்புரைக்கு எது சரி?

ரப்பர் ஷீட்டைப் புகையில் உலர்த்தும் அறையில் புகை டிடெக்டர் மாட்டினால் விடிய விடிய கத்தும். வெப்ப டிடெக்டர்தான் சரி. அதிலும் ஒரு சங்கதி உண்டு. கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 57 டிகிரியில் அடிக்கும். புகைப்புரையே 60 டிகிரி வரை ஏறுகிற இடம். அதனால் அதைவிட உயர்ந்த அளவுள்ளதைக் கேட்டு வாங்குங்கள். புகைப்புரை வீட்டுச் சுவரோடு ஒட்டியிருந்தால், வீட்டுப் பக்கம் படுக்கை அறை வாசலில் ஒரு புகை டிடெக்டர் கட்டாயம் வேண்டும். தொங்கும் ஷீட் ஒன்று அடுப்பில் விழுந்தால் போதும். ரப்பர் பிடித்த தீயை வாளித் தண்ணீரால் அடக்க முடியாது.

புதிதாக வாங்குகிறவர் எந்த வகை வாங்கலாம்?

கொழுந்து விட்டு எரியும் தீயை அயனி வகை முந்திக் கண்டுபிடிக்கும். கனன்று கனன்று புகையும் தீயை ஒளி வகை முந்திக் கண்டுபிடிக்கும். நம் வீடுகளில் ராத்திரி நேரத் தீ பெரும்பாலும் எப்படித் தொடங்குகிறது? கொசுவத்திச் சுருள் மெத்தையில் விழுவது, அணையாத பீடி, ஒயர் உருகுவது. எல்லாம் கனலும் வகை. அதனால் என் கடைக்கு வருகிறவர்களுக்கு ஒளி வகையைத்தான் கொடுக்கிறேன். தாளிப்புக்குக் கத்துவதும் குறைவு, பழையதானால் தூக்கிப் போடும் தலைவலியும் இல்லை. பிரான்சில் வீடுகளுக்கு அயனி வகையை அனுமதிப்பதே இல்லை. ஏற்கெனவே அயனி வகை மாட்டியிருந்து, வயது தாண்டாமல் நன்றாக வேலை செய்தால், பயந்து கழற்ற வேண்டாம். வேறு ஒன்று மாட்டும்வரை அது அங்கேயே இருக்கட்டும்.

அரை ஆயுள் 432 ஆண்டு, ஆனால் 10 ஆண்டில் மாற்றச் சொல்கிறீர்களே?

பத்து ஆண்டில் அமெரிசியம் குறைவது நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. கிழடாவது மற்றவை: சில்லு, சாலிடர், ஹாரன். உள்ளே தூசி படியும், சிலந்தி கூடு கட்டும், கடற்கரைப் பக்கம் உப்புக்காற்று அரிக்கும். பின்பக்கம் தயாரித்த தேதி இருக்கும். அதிலிருந்து 10 ஆண்டு எண்ணுங்கள், வாங்கிய தேதியிலிருந்து இல்லை. மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். நிமிஷத்துக்கு ஒருமுறை 'கீச்' என்றால் பேட்டரி தீர்கிறது.

பழையதை ஆக்கர் கடையில், அதாவது பழைய இரும்புக் கடையில் போடலாமா?

தயவுசெய்து வேண்டாம். ஆக்கர் கடையில் எதையும் பிரித்து, அடித்து, எரித்துத்தான் உலோகம் எடுப்பார்கள். ஆபத்து என்று நான் மேலே சொன்ன எல்லாமே அங்கே ஒரு பையன் வெறுங்கையால் செய்வான். தங்க நிறத்தில் பொட்டு மினுங்கினால் சுரண்டிப் பார்க்கவும் ஆசை வரும்.

2010இல் டெல்லி மாயாபுரிப் பழைய இரும்புச் சந்தைக்கு ஒரு பல்கலைக்கழகத்தின் பழைய ஆய்வுக்கருவி போனது. உள்ளே கோபால்ட்-60 இருந்தது தெரியாமல் பிரித்தார்கள். ஒருவர் இறந்தார், பலர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். கோபால்ட் கருவியின் வீரியம் டிடெக்டரைப் போலக் கோடிக்கணக்கான மடங்கு. இரண்டையும் ஒன்றாக வைக்க முடியாது. ஆனால் இரண்டுமே கடைக்காரருக்குத் தெரியாமல் அவர் கையில் போய்ச் சேருகின்றன. தெரிந்த நாம் தெரியாதவர் தலையில் கட்டக் கூடாது.

மின்னணுக் கழிவுக்கான விதிகள் கதிரியக்கப் பொருளைச் சேர்ப்பதில்லை, அது அணுசக்திக்கான தனிச் சட்டத்தின் கீழ் வருகிறது. அதனால் மின்கழிவு முகாமிலும் கொடுக்க முடியாது. விற்றவரிடமே திருப்பிக் கொடுப்பதுதான் முறை. விற்றவர் கடை மூடிவிட்டாரா? பேட்டரியை எடுத்துவிட்டு, கருவியைப் பிரிக்காமல் ஒரு கெட்டிப் பெட்டியில் வைத்து, மேலே பெயரெழுதி, மும்பையில் இருக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கு மாடல் எண்ணோடு எழுதிக் கேளுங்கள். பதில் வரும்வரை பெட்டி அலமாரி மேல்தட்டில் இருப்பதால் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

வெளிநாட்டில் இருக்கும் மகளிடம் ஒன்று கொண்டு வரச் சொல்லலாமா?

ஒளி வகை என்றால் தாராளமாக. அயனி வகை வேண்டாம். இங்கே கதிரியக்கப் பொருள் உள்ள கருவிகள் வாரியத்தின் கட்டுப்பாட்டில் வருபவை. பத்து வருஷம் கழித்துத் திருப்பிக் கொடுக்க ஆளில்லாத பொருளை ஏன் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும்?

இதைச் சேர்த்து வைத்தால் அணுகுண்டு செய்யலாமாமே?

பள்ளிப் பையன்கள் கேட்பது. முடியாது. அதற்கு வேண்டியது கிலோக்கணக்கில், இதில் இருப்பது கண்ணில் படாத அளவு. ஆனால் 1990களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு பதின்வயதுப் பையன் டிடெக்டர்களிலிருந்து அமெரிசியத்தையும் விளக்கு மேண்டில்களிலிருந்து தோரியத்தையும் எடுத்து வீட்டுக் கொட்டகையில் சோதனை செய்தான். உலை உண்டாகவில்லை, கொட்டகைதான் கதிரியக்கக் குப்பையானது. அரசாங்கம் ஆள் அனுப்பி அதைப் பிரித்துப் பீப்பாய்களில் அடைத்துக் கொண்டுபோனது. அறிவியலில் ஆசையுள்ள பிள்ளை, கூட நின்று சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் இல்லாமல் போய்விட்டது. உங்கள் பிள்ளைக்கு ஆசை இருந்தால் என் கடைக்கு அனுப்புங்கள். ஒளி வகையைப் பிரித்துக் காட்டுகிறேன்.

அந்த அம்மாவின் டிடெக்டர் என்ன ஆயிற்று?

தயாரித்த தேதி பார்த்தேன், 2009. வயது தாண்டிவிட்டது. பேட்டரியைக் கழற்றி, தகரப் பெட்டியில் போட்டு, கடையின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். வாரியத்துக்கு எழுதியும் இருக்கிறேன். அவர் வீட்டில் படுக்கை அறை வாசலில் ஒரு ஒளி வகை மாட்டிக் கொடுத்தேன். கூரை உயரம் என்பதால் பட்டனை அழுத்தத் துடைப்பக் கம்பு போதும் என்று காட்டினேன். ஒவ்வொரு மாசமும் ஒண்ணாந்தேதி காலையில் அவரிடமிருந்து போன் வரும். "மக்களே, அமுக்கினேன். கத்திச்சு." அதற்கப்புறம் பசு எத்தனை லிட்டர் பால் கொடுத்தது என்பதையும் சொல்லிவிட்டுத்தான் வைப்பார்.